சாவியைக் கொடுத்தால் வாடகை முடிந்துவிடாது

வாசகர் கேள்வி: வீடும் வாடகையும்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கதைதான். பிரிந்துவிட்டோம், வீட்டு ஒப்பந்தத்தில் இரண்டு பேருடைய பெயரும் இருக்கிறது, இனி என்ன செய்வது? பிரிந்தது சரியா பிழையா என்று நான் சொல்லப்போவதில்லை. அதற்கு உங்களுக்கு மாமாமாரும் சித்தப்பாமாரும் போதுமான அளவு இருக்கிறார்கள். நான் பல வருடங்களாகக் கிழக்கு லண்டனில் வாடகைப் பிரச்சினைகளோடு வருகிறவர்களின் தாள்களைப் படித்துப் பதில் சொல்லுகிறவள். தாளில் என்ன இருக்கிறது என்பதுதான் என் வேலை. கீழே சொல்வது இங்கிலாந்துச் சட்டம். வேல்ஸிலும் ஸ்கொட்லாந்திலும் கதை வேறு. அங்கிருந்து எழுதியவர்களுக்குத் தனியே பதில் இருக்கிறது.

கேள்வி: அக்கா, ஈஸ்ட்ஹாமில் இரண்டு அறை ஃபிளாட்டில் இரண்டு பிள்ளைகளுடன் இருக்கிறேன். வாடகை மாதம் 1,850 பவுண், ஒவ்வொரு முதலாம் திகதியும் கட்ட வேண்டும். சென்ற செப்டெம்பரில் நானும் கணவரும் சேர்ந்து ஒரு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டோம். தைப்பொங்கல் கழிந்த கையோடு அவர் கோபித்துக்கொண்டு வேறு ஊரிலுள்ள நண்பர் வீட்டுக்குப் போய்விட்டார். இரண்டு மாதம் பாதி வாடகை அனுப்பினார், பிறகு அதுவும் இல்லை. இப்போது, "நான் ஏஜென்ட்டுக்கு நோட்டீஸ் கொடுக்கப்போகிறேன், டெபாசிட் என் கணக்கிலிருந்துதான் போனது, அது எனக்கே வரவேண்டும்" என்கிறார். வாட்ஸ்அப்பில் ஒரு படிவத்தையும் அனுப்பி என்னையும் கையெழுத்துப் போடச் சொல்கிறார். அவருடைய பெயரை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று ஏஜென்ட்டிடம் கேட்டேன். "அது உங்கள் குடும்ப விஷயம், எங்களுக்கு முழு வாடகை வரவேண்டும்" என்றார்கள். நான் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். மூத்தவளின் பள்ளிக்கூடம் நடக்கும் தூரத்தில் இருக்கிறது. அவர் நோட்டீஸ் கொடுத்தால் நாங்கள் தெருவுக்குப் போக வேண்டுமா? ஊரிலிருந்து அம்மா, பொறுத்துப் போ என்கிறார்.

பதில்: தங்கச்சி, முதலில் அந்தப் படிவம். கையெழுத்துப் போடாதீர்கள். நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெயர், முகவரி, தொலைபேசி என்று அப்பாவியாகத்தான் தொடங்குகிறது. நாலாவது வரியில், "வாடகையாளர்களாகிய நாங்கள் இருவரும் இந்த வீட்டின் மீதான எங்கள் உரிமையை உரிமையாளரிடம் ஒப்படைக்கிறோம்" என்ற பொருளில் ஒரு வாக்கியம் இருக்கிறது. கீழே இரண்டு கையெழுத்துக்கு இரண்டு கோடு. திகதிக்கான இடம் காலி. இருவரும் கையெழுத்துப் போட்டு வீட்டுக்காரரும் ஏற்றுக்கொண்டால், அந்தக் காலியிடத்தில் யார் என்ன திகதி எழுதுகிறார்களோ அன்றைக்கு உங்கள் வீடு முடிந்தது. இரண்டு மாத அவகாசம்கூடக் கிடைக்காது. உங்கள் கையெழுத்து இல்லாமல் இந்த ஒப்படைப்புச் செல்லாது. அதனால்தான் உங்களைக் கேட்கிறார்.

ஆனால் அவர் சொல்லும் மற்ற வழி, அதாவது தனியாக நோட்டீஸ் கொடுப்பது, அதற்கு உங்கள் கையெழுத்துத் தேவையில்லை. இதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள். இரண்டு பேர் சேர்ந்து எடுத்த வீட்டை ஒருவர் மட்டும் எப்படி முடிக்கலாம் என்று கேட்கிறார்கள். மாதாமாதம் தொடர்ந்து போகும் கூட்டு வாடகையில், ஒருவர் முறைப்படி நோட்டீஸ் கொடுத்தால் இருவருக்குமே வாடகை முடிகிறது. தொடர்ந்து போவதற்கு இருவருடைய விருப்பமும் வேண்டும் என்பதே நீதிமன்றங்கள் சொன்ன காரணம். முன்பு உங்களுடையதைப் போன்ற ஒரு வருட ஒப்பந்தம், அந்த ஒரு வருடத்துக்காவது ஒரு வேலியாக நின்றது. தவணை முடியும்வரை ஒருவர் தனியாக முறிக்க முடியாது. 2025 ஆம் ஆண்டின் வாடகையாளர் உரிமைச் சட்டம் அதை மாற்றிவிட்டது. 2026 மே 1 முதல் இங்கிலாந்தின் தனியார் வாடகை வீடுகளில் தவணை ஒப்பந்தம் என்பதே இல்லை. பழையவையும் அன்றிலிருந்து தொடர் வாடகையாகிவிட்டன. உங்கள் தாளில் என்ன எழுதியிருந்தாலும் இதுதான் நிலை. காரணம் சொல்லாமல் வெளியேற்றும் 21 ஆம் பிரிவு நோட்டீஸை ஒழித்த சட்டமும் இதுவே. பொதுவாக வாடகைக்கு இருப்பவர்களுக்கு நல்ல சட்டம்தான். பிரிந்து நிற்கிற தம்பதிகளில் வீட்டில் இருப்பவருக்கு மட்டும் இந்த இடத்தில் முள்ளாகக் குத்துகிறது.

கணக்கைப் பாருங்கள். வாடகையாளர் கொடுக்கும் நோட்டீஸுக்குக் குறைந்தது இரண்டு மாதம் வேண்டும், அதுவும் வாடகைக் காலத்தின் முடிவில் போய் விழவேண்டும். உங்கள் வாடகைக் காலம் முதலாம் திகதி தொடங்குகிறது. அவர் ஜூன் 10 இல் நோட்டீஸ் அனுப்பினால், இரண்டு மாதம் ஆகஸ்ட் 10 இல் முடியும். ஆனால் வாடகை முடிவது ஆகஸ்ட் 31 இல்தான். இனி மற்றப் பக்கம். திருமணமானவர்களுக்கு, கூட்டு வாடகையை ஒருவருடைய பெயருக்கு மாற்றிக் கொடுக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு. 1996 ஆம் ஆண்டின் குடும்பச் சட்டத்தில், ஏழாவது அட்டவணையில் இருக்கிறது. பிள்ளைகள் யாரிடம் இருக்கிறார்கள், யாருக்கு வேறு இடம் கிடைக்கும், யாரால் வாடகை கட்ட முடியும் என்றெல்லாம் பார்த்து முடிவு செய்வார்கள். உங்களைப் போன்ற ஒருவருக்கு நல்ல வாய்ப்பு உண்டு. சிக்கல் எங்கே என்றால், தம்பதிகளுக்கு அந்த மாற்றம் விவாகரத்தோடு சேர்ந்தே வரும். இப்போதைய நடைமுறையில் விண்ணப்பம் பதிவானதிலிருந்து முதற்கட்ட ஆணைக்கு 20 வாரம், அதன் பிறகு இறுதி ஆணைக்கு 6 வாரம் கட்டாயம் காத்திருக்க வேண்டும். அரை வருடம். நோட்டீஸோ இரண்டு சொச்சம் மாதத்தில் வேலையை முடித்துவிடும். முடிந்துபோன வாடகையை எந்த நீதிபதியாலும் மாற்றிக் கொடுக்க முடியாது. மாற்றுவதற்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது. 1998 இல், அப்போது நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை, ஒரு ஹவுசிங் அசோசியேஷன் வழக்கில் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. மனைவி கொடுத்த நோட்டீஸை, சொத்தை ஒளிக்கிற செயல் என்று சொல்லி ரத்து செய்ய முடியாது என்பது அந்தத் தீர்ப்பு.

ஆகவே நோட்டீஸ் வருவதற்கு முன்னால் நீங்கள் நகர வேண்டும். குடும்ப வழக்குகள் பார்க்கும் ஒரு சட்டத்தரணி மூலம், "வாடகை பற்றி முடிவாகும்வரை நோட்டீஸ் கொடுக்கமாட்டேன்" என்று அவரிடம் எழுத்தில் உறுதி கேளுங்கள். மறுத்தால் நீதிமன்றத்தில் தடை கேட்கலாம். அவசரம் என்று சொல்லிக் கேளுங்கள். ஏஜென்ட்டிடம் நோட்டீஸ் போன பிறகு இந்த வழி ஏறக்குறைய அடைபட்டுவிடும். அடி, மிரட்டல், பணத்தை முடக்கி வைத்தல் போன்றவை நடந்திருந்து அதற்கு ஆதாரமும் இருந்தால், இந்தச் செலவுக்கு அரசின் சட்ட உதவி கிடைக்கக்கூடும். அதையும் முதல் சந்திப்பிலேயே வாய் திறந்து சொல்லுங்கள். நம் பெண்கள் மூன்றாவது சந்திப்பில்தான் சொல்லுகிறார்கள்.

நீதிமன்றத்துக்குப் போகாமலே முடியக்கூடிய வழியும் இருக்கிறது. அதைத்தான் நான் முதலில் முயன்று பார்ப்பேன். வீட்டுக்காரரிடம் நேரே எழுதுங்கள், ஏஜென்ட்டோடு நிற்காதீர்கள். ஒப்பந்தத்தில் அவருடைய முகவரி இருக்கும். உங்கள் பெயரில் மட்டும் புதிய ஒப்பந்தம் போடச் சொல்லிக் கேளுங்கள். அவருக்கு வேண்டியது வாடகை. அவருடைய பக்கத்திலிருந்து பாருங்கள்: வீடு காலியாகாது, புது ஆள் தேட வேண்டியதில்லை, இதுவரை ஒரு நாளும் பிந்தாமல் கட்டியவர் அங்கேயே இருக்கிறார். ஏஜென்ட்டுகள் வழக்கமாக மாத வாடகையின் முப்பது மடங்கு வருடச் சம்பளம் எதிர்பார்ப்பார்கள். உங்கள் வாடகைக்கு அது 55,500 பவுண். முதியோர் இல்லச் சம்பளத்தில் அது எட்டாது என்று எனக்கும் தெரியும். அது சட்டமல்ல, ஏஜென்ட்டுகளின் பழக்கம் மட்டுமே. அண்ணனோ அக்காவோ பிணை நின்றால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். யூனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகை வாங்குகிறவர், பிள்ளைகள் உள்ளவர் என்பதற்காக மட்டும் உங்களை ஒதுக்க முடியாது. அதையும் இதே புதிய சட்டம் தடுத்திருக்கிறது. இருக்கும் ஒப்பந்தத்தில் பெயர் மாற்றித் தரும்படி வாடகையாளர் கேட்டால், அதற்கான கட்டணம் சாதாரணமாக 50 பவுணுக்கு மேல் போகக்கூடாது. அதிகம் செலவாயிற்று என்றால் அதற்குக் கணக்குக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். இந்த வழிக்கும் கணவரின் சம்மதம் வேண்டும். ஆனால் நோட்டீஸ் கொடுத்து அவர் தேடுகிற விடுதலை இதிலும் அவருக்குக் கிடைக்கிறது. உங்கள் மீது கோபம் இருந்தாலும், வாடகைப் பொறுப்பிலிருந்து இந்த மாதமே விலகலாம் என்று யாராவது எடுத்துச் சொன்னால் ஒத்துக்கொள்வார். நீங்கள் சொல்லாதீர்கள். அவர் மதிக்கிற ஒருவரைக் கொண்டு சொல்லுங்கள்.

வாடகையை இதற்கிடையில் எப்படியாவது முழுதாகக் கட்டுங்கள். "பாதி என் பங்கு" என்ற பேச்சு உங்கள் இருவருக்கும் இடையில்தான் செல்லும். வீட்டுக்காரருக்கு முழுப் பாக்கியையும் எவரிடமும் கேட்கும் உரிமை உண்டு. மூன்று மாத வாடகை நிலுவையானால் நாலு வார நோட்டீஸில் நீதிமன்றம் போகலாம். கணவர் பிரிந்து போனதை யூனிவர்சல் கிரெடிட்டுக்கு உடனே அறிவியுங்கள். கூட்டு விண்ணப்பம் உங்கள் தனி விண்ணப்பமாக மாறும். அவர் தன் பங்கைக் கட்டவில்லை, முழு வாடகையும் என் தலையில் என்று குறிப்பிட்டு எழுதுங்கள். எழுதாவிட்டால் பாதி வாடகைக்கு மட்டுமே கணக்குப் பார்த்துவிடுவார்கள். வீட்டில் பெரியவர் நீங்கள் ஒருவர்தான் என்றால் கவுன்சில் வரியில் 25 சதவீதம் குறையும். அதற்கும் நீங்கள்தான் கேட்க வேண்டும்.

டெபாசிட் பற்றி அவர் சொல்வதில் ஒரு பாதிதான் உண்மை. ஐந்து வார வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்பதால் உங்களுடையது 2,134 பவுணுக்குள் இருக்கும். அது அரசு அங்கீகரித்த மூன்று திட்டங்களில் ஒன்றில், வாங்கிய 30 நாளுக்குள் பதிவாகியிருக்க வேண்டும். சான்றிதழ் உங்கள் மின்னஞ்சலில் எங்கேயாவது கிடக்கும், தேடுங்கள். வாடகை முடியும்வரை அது அங்கேயே இருக்கும், அவர் நடுவில் உருவ முடியாது. யாருடைய கணக்கிலிருந்து போனது என்பதை ஏஜென்ட் பார்க்கமாட்டார். அது விவாகரத்துக் கணக்கில் நீங்கள் இருவரும் பார்க்க வேண்டியது. புது ஒப்பந்தம் போடும்போது அவருக்கு ஒரு தொகை கொடுத்துக் கணக்கை முடித்துவிடுவது புத்தி. இரண்டாயிரம் பவுணுக்காக வீட்டை இழுபறியில் விடாதீர்கள்.

எல்லாம் மீறி அவர் நோட்டீஸ் கொடுத்துவிட்டால்? அன்றைக்கே கவுன்சிலின் வீட்டுப் பிரிவில் பதியுங்கள். 56 நாளுக்குள் வீடு இழக்கும் நிலையில் இருப்பவருக்கு உதவ வேண்டியது அவர்களின் கடமை. நோட்டீஸ் கொடுத்தவர் கணவர், நீங்களல்ல. அதன் பிரதி ஒன்று கையில் இருக்கட்டும், "தானாகவே வீட்டை விட்டவர்" என்று பிறகு யாரும் சொல்ல முடியாது. நோட்டீஸ் முடிகிற அன்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டும் என்றும் இல்லை. நீங்கள் அங்கே குடியிருக்கும்வரை நீதிமன்ற ஆணை இல்லாமல் எவரும் உங்களை வெளியேற்றவோ பூட்டை மாற்றவோ முடியாது. இருக்கும் நாட்களுக்குப் பணம் மட்டும் கட்ட வேண்டியிருக்கும்.

அம்மாவோடு வாதாட நான் வரவில்லை. பொறுத்துத்தான் போவதென்றாலும், இந்தக் கடிதங்களை எழுதிவிட்டுப் பொறுங்கள்.

கேள்வி: நானும் என்னோடு வாழ்ந்தவரும் குரொய்டனில் ஒரு ஃபிளாட் எடுத்தோம். கல்யாணம் செய்யவில்லை, பிள்ளைகளும் இல்லை. 2024 இறுதியில் பிரிந்தோம். ஒப்பந்தத் தவணை அப்போதே முடிந்திருந்தது. நான் சாவியை அவருடைய கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அதன் பிறகு அந்தத் தெருப்பக்கமே போகவில்லை. இப்போது மூன்று மாத வாடகை 4,650 பவுண் நிலுவை, கட்டாவிட்டால் வழக்கு என்று எனக்குக் கடிதம் வந்திருக்கிறது. நான் அங்கே இல்லையே! இது எப்படி நியாயம்?

பதில்: தம்பி, நியாயமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. சட்டமா என்று கேட்டால், ஆம். நீங்கள் சாவியை அவரிடம் கொடுத்தீர்கள். வீட்டுக்காரரிடம் எதையும் கொடுக்கவில்லை. ஒப்பந்தம் போட்டது வீட்டுக்காரரோடு. வெளியே வந்தீர்கள், ஆனால் ஒப்பந்தத்திலிருந்து வெளியே வரவில்லை. அதனால் இத்தனை மாதமும் நீங்கள் அந்த வீட்டின் வாடகையாளர்தான். நீங்கள் போன அன்றே ஒரு பக்கக் கடிதம் எழுதியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

4,650 பவுணில் பாதியை அனுப்பிவிட்டு "என் பங்கு தீர்ந்தது" என்று இருந்துவிடாதீர்கள். மீதிப் பாதிக்கும் உங்களையே துரத்தலாம். உங்களுக்குச் சம்பளம் இருக்கிறது, முகவரி தெரியும் என்றால் உங்களைத்தான் துரத்துவார்கள். நீங்கள் கட்டிய பிறகு அவருடைய பங்கை அவரிடம் கேட்கலாம், சின்ன வழக்காகவும் போடலாம். அது வேறு பாதை. நீதிமன்றத்திலிருந்து உறை வந்தால் மேசை இழுப்பறையில் போடாதீர்கள். பதிலுக்கு 14 நாள்தான். தீர்ப்பு உங்களுக்கு எதிராகப் பதிவாகிவிட்டால் ஆறு வருடம் உங்கள் கடன் பதிவில் நிற்கும். ஒரு மாதத்துக்குள் முழுத்தொகையும் கட்டினால் மட்டுமே அழிப்பார்கள். நாளைக்கு வீடு வாங்க வங்கிக்குப் போகும்போது அந்த ஒரு வரி உங்களோடு வந்து உட்கார்ந்திருக்கும்.

இன்றைக்கே நோட்டீஸ் எழுதுங்கள். பெரிய ஆங்கிலம் தேவையில்லை. திகதி, வீட்டின் முழு முகவரி, "இந்த முகவரியின் வாடகையாளர்களில் ஒருவனாகிய நான் இந்த வாடகையை முடிப்பதற்கு நோட்டீஸ் தருகிறேன்" என்ற வசனம், முடிகிற திகதி, கையெழுத்து. முடிகிற திகதியைக் கவனமாகப் போடுங்கள்: இரண்டு மாதத்துக்குக் குறையாமல், வாடகைக் காலத்தின் கடைசி நாளாக. ஐயம் இருந்தால் ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள், பிழையான திகதியால் நோட்டீஸே செல்லாமல் போவதைவிட அது மேல். மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்பிப் படம் எடுத்து வையுங்கள். முடிகிற நாள்வரையான வாடகைக்கும் நீங்கள் பொறுப்பு.

அனுப்புவதற்கு முன் அவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. சட்டம் அதைக் கேட்கவில்லை, நான் கேட்கிறேன். உங்கள் நோட்டீஸ் அவருடைய வீட்டையும் முடிக்கிறது. புது ஒப்பந்தம் கேட்க அவருக்கு அவகாசம் வேண்டாமா?

கேள்வி: கவுன்சில் வீடு, கணவருடைய பெயரும் என்னுடைய பெயரும். அடி தாங்காமல் பிள்ளையோடு இல்ஃபோர்டில் தங்கையின் வீட்டுக்கு வந்துவிட்டேன். நான் நோட்டீஸ் கொடுத்தால் எனக்கு வேறு வீடு பார்க்கலாம் என்று கவுன்சில் அலுவலர் சொல்கிறார். அந்த வீட்டில் என் மாமியாரும் இருக்கிறார். எழுபது தாண்டியவர். எனக்கு ஒரு நாளும் கெடுதல் நினைக்காதவர். நான் கையெழுத்துப் போட்டால் அவரும் தெருவில் நிற்க வேண்டுமே என்று கை நடுங்குகிறது. கணவர் வழக்குப் போட்டு என் நோட்டீஸைத் தடுக்க முடியுமா?

பதில்: முதலில், நீங்கள் இப்போது பாதுகாப்பாக இருக்கிறீர்களா? தங்கை வீட்டு முகவரி அவருக்குத் தெரியும் என்றால் 0808 2000 247 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். தேசிய குடும்ப வன்முறை உதவி எண், கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும்.

அலுவலர் சொன்ன வழி சட்டத்தில் இருக்கிறது. 1980 களின் இறுதியில் ஃபுல்ஹாமில் ஒரு ஜோடி பிரிந்தது, இருவருக்கும் கூட்டாக ஒரு கவுன்சில் ஃபிளாட். அந்தப் பெண் நாலு வார நோட்டீஸ் கொடுத்தார், அந்த ஆணுக்குத் தெரியாமலே. 1991 டிசம்பரில் பிரபுக்கள் சபை, அந்த ஒற்றை நோட்டீஸால் இருவருடைய வாடகையும் முடிந்தது என்று தீர்ப்பளித்தது. இன்றுவரை எல்லோரும் மேற்கோள் காட்டுவது அந்த வழக்கைத்தான். பிறகு இன்னொருவர், மனைவி வன்முறைக்குப் பயந்து போய் நோட்டீஸ் கொடுத்த பின், என் மனித உரிமை பறிபோனது என்று உச்ச நீதிமன்றம்வரை போனார். 2014 நவம்பரில் தோற்றார். எனவே முறைப்படி கொடுத்த நோட்டீஸைக் கொடுத்த பிறகு மாற்றுவது அவருக்கு மிகக் கடினம்.

உங்களுக்கும் அதேதான். கொடுத்த பிறகு மீட்க முடியாது. ஆகவே "பார்க்கலாம்" என்ற வாய்ச்சொல்லுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். எந்த விதமான வீடு, எந்தப் பகுதி, எப்போது என்று கவுன்சிலிடம் எழுத்தில் வாங்குங்கள். பழைய வீடு ஆயுட்காலப் பாதுகாப்புள்ள வாடகை என்றால், வன்முறை காரணமாக அவர்கள் தரும் புதிய கவுன்சில் வாடகையும் அப்படியே ஆயுட்காலத்துக்கு இருக்க வேண்டும் என்று 2021 ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் சொல்கிறது. இதை அலுவலருக்கு நினைவூட்டுங்கள். எல்லா அலுவலர்களுக்கும் நினைவிருப்பதில்லை. வன்முறையால் வீடிழந்தவர் என்ற வகையில் உங்களுக்கு முன்னுரிமை உண்டு. நோட்டீஸ் கொடுத்ததால் "வேண்டுமென்றே வீடிழந்தவர்" என்று உங்களைச் சொல்லவும் கூடாது. அங்கே வாழ்வது நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய ஒன்றாக இருக்கவில்லை என்பதே போதும்.

உங்களுக்கு அந்த வீட்டுக்கே திரும்பிப் போக விருப்பம் என்றால் இன்னொரு கதவும் இருக்கிறது. அவரை வெளியேற்றி உங்களைக் குடியிருத்தும் ஆணையைக் குடும்ப நீதிமன்றத்தில் கேட்கலாம். அப்படியானால் நோட்டீஸ் கொடுக்கவே கூடாது. மாமியாரும் உங்களோடேயே இருக்கலாம். இதைக் கடிதத்தில் நீங்கள் கேட்கவில்லை. ஆனால் மாமியாரைப் பற்றி நீங்கள் எழுதிய விதத்தைப் பார்த்தால், கேட்க நினைத்தீர்களோ என்று எனக்குத் தோன்றுகிறது. அவருக்கென்று அந்த வீட்டில் தனி வாடகை உரிமை எதுவும் இல்லை. ஆனால் முதிர்ந்த வயதும் உடல்நிலையும் காரணமாகக் கவுன்சிலில் அவரும் உதவி கேட்கலாம். அவருடைய மகனுக்கு அந்த வேலையைச் செய்யக் கை கால் இருக்கிறது. அந்தப் பாரத்தையும் நீங்கள் சுமக்காதீர்கள்.

கேள்வி: லெஸ்டரில் மகனும் அவனுடைய தோழியும் எடுத்த வீட்டுக்கு நான் பிணை நின்றேன். மகன் வெளியேறி என்னோடு இருக்கிறான். அந்தப் பிள்ளை இப்போதும் அங்கே இருக்கிறாள். அவளுடைய வாடகைக்கும் நானா பொறுப்பு?

பதில்: பெரும்பாலும் நீங்கள்தான், ஐயா. பிணைப் பத்திரத்தை எடுத்து, "மகனின் பங்குக்கு மட்டும்" என்று எங்காவது இருக்கிறதா பாருங்கள். இருக்காது என்பதே என் அனுபவம். மகன் முறையாக நோட்டீஸ் கொடுத்து வாடகை முடியும்போது, அந்த வாடகைக்கான உங்கள் பிணையும் அதற்கு மேல் ஏறாது. அவள் தன் பெயரில் புது ஒப்பந்தம் போடும்போது ஏஜென்ட் பழைய பத்திரத்தையே புதுத் திகதியோடு உங்களுக்கு நீட்டக்கூடும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படியுங்கள்.

கேள்வி: எங்களுடையது வாடகை வீடல்ல, ஹரோவில் இருவரும் சேர்ந்து வாங்கிய வீடு. விவாகரத்து நடந்துகொண்டிருக்கிறது. ஒருவர் இறந்தால் மற்றவருக்கே முழு வீடும் போகும் என்று எழுதியிருக்கிறது என்றாள் மகள். உண்மையா?

பதில்: உண்மை, இதைச் சொன்ன மகளுக்கு ஒரு சபாஷ். தம்பதிகள் பெரும்பாலும் அந்த முறையில்தான் வாங்குகிறார்கள், கையெழுத்துப் போட்ட நாளில் யாரும் சாவைப் பற்றி யோசிப்பதில்லை. விவாகரத்து முடியும்வரை உங்களுக்கு ஏதாவது நடந்தால் உங்கள் உயிலில் பிள்ளைகளுக்கு என்று எழுதியிருந்தாலும் வீடு நேரே அவருக்குப் போய்விடும். இதைத் தனித்தனிப் பங்காகப் பிரிக்கலாம், அவருடைய சம்மதம் தேவையில்லை. 1925 ஆம் ஆண்டின் சொத்துச் சட்டப்படி அவருக்கு எழுத்தில் ஒரு அறிவித்தல், பிறகு நிலப் பதிவகத்துக்கு எஸ்ஈவி என்ற படிவம். பதிவகம் இதற்குக் கட்டணம் வாங்குவதில்லை. அனுப்பியதற்குச் சான்று வைத்திருங்கள். அதே வாரம் உயிலையும் எழுதுங்கள். உயில் இல்லாமல் பிரித்தால், சட்டப்படி இன்னும் கணவராக இருக்கும் அதே மனிதருக்கு உங்கள் பங்கில் பெரும்பகுதி வேறு வழியால் போய்ச் சேரக்கூடும். ஒன்றை யோசியுங்கள்: பிரித்த பிறகு அவர் முதலில் போனால் அவருடைய பங்கும் உங்களுக்கு வராது. யாருக்கு உடம்பு சரியில்லை என்று பார்த்துப் பிரிப்பவர்களும் உண்டு. அதற்கு நான் ஆலோசனை சொல்வதில்லை. வங்கிக் கடனைப் பொறுத்தவரை இதனால் எதுவும் மாறாது, இருவரும் முழுக் கடனுக்கும் பொறுப்பு.

கேள்வி: கார்டிஃபில் படிக்கிறேன். காதலனோடு கூட்டு ஒப்பந்தம். நான் மட்டும் விலகலாமா?

பதில்: விலகலாம். வேல்ஸில் 2022 டிசம்பர் 1 முதல் நடைமுறையிலுள்ள சட்டப்படி, மாதாமாதம் தொடர்ந்து போகும் ஒப்பந்தத்தில் கூட்டாக எடுத்தவர்களில் ஒருவர் மட்டும் நோட்டீஸ் கொடுத்து வெளியேறலாம், மற்றவருடைய ஒப்பந்தம் அப்படியே தொடரும். லண்டன் தோழிகள் சொல்லும் கதையைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். நோட்டீஸ் வீட்டுக்காரருக்குப் போக வேண்டும். அதன் பிரதியைக் காதலனுக்கும் கொடுங்கள்.

கேள்வி: கிளாஸ்கோவில் தனியார் வீடு. நான் வெளியேற 28 நாள் நோட்டீஸ் அனுப்பினேன். என்னோடு சேர்ந்து வீட்டை எடுத்தவருடைய கையெழுத்து இல்லாமல் செல்லாது என்று வீட்டுக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். அந்த மற்றவரோ போடமாட்டேன் என்கிறார்.

பதில்: வீட்டுக்காரர் சொன்னது சரி. ஸ்கொட்லாந்தில் 2017 டிசம்பர் 1 முதல் தொடங்கிய தனியார் வாடகைகளில், கூட்டாக எடுத்தவர்கள் எல்லோரும் சேர்ந்தால்தான் முடிக்கலாம். கவுன்சில் வீடாக இருந்திருந்தால் நாலு வார நோட்டீஸில் உங்கள் பங்கை மட்டும் விடலாம். உங்களுக்கு அந்த வழி இல்லை. வீட்டுக்காரரிடம், உங்களுக்குப் பதிலாக இன்னொருவரைச் சேர்க்கவோ மற்றவருடைய பெயரில் மட்டும் புதிதாக எழுதவோ சம்மதமா என்று கேளுங்கள். இரண்டுக்கும் வீட்டுக்காரர் மறுத்தால் ஸ்கொட்லாந்துச் சட்டத்தரணி ஒருவரைப் பாருங்கள், லண்டனில் இருக்கும் என்னைப் போன்றவர்களை அல்ல. அதுவரை வாடகையில் உங்கள் பங்கைப் பிந்தாமல் கட்டி வாருங்கள். எதற்கான பணம் என்று வங்கிக் குறிப்பில் ஒவ்வொரு மாதமும் எழுதி அனுப்புங்கள்.